பந்து ஏன் முட்டை மாதிரித் தெரிகிறது?

கேள்வி: துபாயில் இருந்த என் தம்பி முன்பு வாங்கி வந்த பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, புது 43 அங்குல எல்இடி டிவியில் மாட்டினோம். ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள், பந்து முட்டை மாதிரி இருக்கிறது, படமும் மங்கல். பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் உதைக்கிறான் என்று மகன் புலம்புகிறான். பெட்டி பழுதா? எதை மாற்ற வேண்டும்?
— வாசகி, கீழக்கரை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, சகோதரி. தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அது 2000-ல் வெளிவந்தது. அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது டப்பா டிவி, அதன் திரையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. உங்கள் புது டிவி 16:9. அந்தப் படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பினால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

பெட்டியின் மெனுவிலும் 4:3, ஃபுல், 16:9 என்று இருக்கும். பெரும்பாலான கேம்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கேமின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் வைட்ஸ்கிரீன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிட்டு டிவியை 16:9-ல் வையுங்கள். கேம் படத்தை நெருக்கி அனுப்பும், டிவி அதை விரித்துச் சரியாக்கும்.

அப்புறம் மங்கலும் தாமதமும். இரண்டுக்கும் முக்கிய வேர் ஒன்றுதான். நம் ஊரில் இருந்த 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் பழைய டிவி ஒரு நொடிக்கு 50 அரைப் படங்களை வரைந்தது: முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். பிக்சர் டியூப் அவற்றை வந்த வேகத்திலேயே தீட்டியது, கண் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எல்இடி திரை அப்படி வரி வரியாக வரைவதில்லை. வந்த அரைப் படங்களைப் பிடித்துவைத்து, ஒட்டி, பல மடங்கு பெரிதாக்கிய பிறகுதான் காட்டுகிறது. பெரிதாக்குவதில் கூர்மை போகிறது, அந்த வேலைக்கு ஆகும் நேரம்தான் உங்கள் மகன் சொல்லும் தாமதம். பையன் சரியாகத்தான் கவனித்திருக்கிறான்! டிவி அமைப்பில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். அழகுபடுத்தும் வேலைகளை டிவி குறைத்துக்கொள்ளும், உதை நேரத்துக்கு விழும்.

மங்கலில் வயருக்கும் பங்கு உண்டு. பெட்டியிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் மஞ்சள் வயர் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. டிவியில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் இருந்தால் அவற்றைப் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் கேபிள் வாங்குவது நல்ல செலவு. கடற்காற்றில் பிளக் முனைகள் பூத்துப்போகும், அவற்றைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சில கேம்கள் தொடக்கத்தில் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா (நொடிக்கு எத்தனை தடவை படம் வரைவது) என்று கேட்கும். 60 கொடுத்துப் பாருங்கள். 50-ல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும் கேம்களும் உண்டு.

இவ்வளவு சொன்னாலும் என் மனதில் உள்ளது வேறு. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சும்மா கிடந்தால், மஞ்சள் வயரை அதில் செருகிப் பாருங்கள். திரை சின்னதுதான், ஆனால் இந்தக் கேம்கள் அந்த மாதிரித் திரைக்காகவே வரையப்பட்டவை. ஓடாவிட்டால் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கலாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். தம்பி கேம் துப்பாக்கியும் வாங்கி வந்திருந்தால், அதற்கு டப்பா டிவிதான் வேண்டும். டியூப் திரையில் ஒளிப்புள்ளி ஓடும் நேரத்தை வைத்துத்தான் எங்கே குறிபார்க்கிறோம் என்று அது கண்டுபிடிக்கிறது. எல்இடியில் எத்தனை தடவை சுட்டாலும் குறி விழாது.