அடிமை முறை எல்லா நாட்டிலும் இருந்ததுதானே, பிறகு மனித உரிமை எப்படி உலகப் பொது ஆகும்?

கேள்வியை விரித்து எழுதியவர் சொல்வது இது: ரோமில், அரபு நாடுகளில், ஆப்பிரிக்காவில், இந்தியாவில் எங்கும் அடிமைகள் இருந்தார்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே மனித உரிமை என்பது ஐரோப்பா பிற்பாடு உண்டாக்கிய கருத்து, அதை எல்லோர் தலையிலும் வைப்பது பொருந்தாது.

எங்கும் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். நம் மண்ணிலும் இருந்தது. பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் தன்னையும் தன் பெண்பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டு பேசுகிறது. சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, 'உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இதோ' என்று நீட்டுகிறார். சுந்தரர் கோபப்படுகிறார். ஆனால் எதற்காக? ஒரு அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமை ஆவானா என்றுதான் கேட்கிறார். மனிதனுக்கு மனிதன் அடிமையா என்று கேட்கவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பல நாடுகளில் உரிமை பேசியவர்களின் நிலை இப்படித்தான் இருந்தது. தன் இனத்தானை அடிமையாக்கினால் அநியாயம், அடுத்தவன் என்றால் அது வழக்கம்.

எனக்கு இடிக்கிற சொல் 'எல்லோரும்'. என் தாத்தா நாகப்பட்டினம் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். வேலைக்குத் தாமதமாகப் போனால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக வந்து விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் அது ஓய்ந்தது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் தன்னை அடித்தது தப்பு என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'அந்தக் காலத்தில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. அந்த 'எல்லோரில்' அவர் இல்லை. கணக்கு எழுதியவர்கள் எஜமானர்கள், அதனால் அவர்கள் ஒப்புதல் ஊர் ஒப்புதலாகப் பதிவாகிவிட்டது.

அடிமைகள் எழுதிவைத்தது குறைவு. ஆனால் அவர்கள் செய்தது தெரியும். ஈராக்கில் பாஸ்ரா பக்கத்துச் சதுப்பில், உப்புப் படிந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நிலமாக்கும் வேலையில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகள் 869இல் எழுந்தார்கள். ஸஞ்சுக் கிளர்ச்சி என்பார்கள். அப்பாசியக் கலீபாக்களின் படையால் அதை அடக்க 14 ஆண்டு ஆனது. இவர்கள் எந்த ஐரோப்பியப் பிரகடனத்தைப் படித்துவிட்டு எழுந்தார்கள்?

சரி, ஐரோப்பாவுக்கே வருவோம். 1789 ஆகஸ்டில் பிரான்ஸ் தன் மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்பது அதன் முதல் பிரிவு. அதே நேரம் கரீபியனில் பிரான்சின் குடியேற்றமான, அதாவது காலனியான, சான் டொமிங்கில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகளாகக் கரும்பும் காப்பியும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். உலகிலேயே அதிகப் பணம் ஈட்டிய குடியேற்றங்களில் ஒன்று அது. அதே பிரகடனத்தின் 17ஆவது பிரிவு சொத்துரிமை புனிதமானது என்கிறது. தோட்ட முதலாளிகளுக்கு அடிமையும் சொத்துதான். முதல் பிரிவையும் 17ஆவது பிரிவையும் மோதவிட்டு, எது ஜெயிக்கும் என்று பாரிஸ் விவாதித்துக்கொண்டே இருந்தது.

1791 ஆகஸ்டில் சான் டொமிங்கின் வடக்குச் சமவெளியில் அடிமைகள் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். பாரிஸ் பேசி முடிக்காத விவாதத்தை அவர்கள் தீர்த்துவைத்தார்கள். 1793இல் அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர் வேறு வழியில்லாமல் வடக்குப் பகுதியில் அடிமை முறையை ஒழித்தார். 1794 பிப்ரவரியில் பாரிஸ் அதை எல்லாக் குடியேற்றங்களுக்கும் சட்டமாக்கியது. ஒரு காலத்தில் அடிமையாக இருந்த தூசான் லூவெர்த்தூர் படைத்தலைவரானார். நெப்போலியன் பெரும்படையை அனுப்பினார், 1802இல் சட்டத்தையும் திருப்பிப் போட்டார். தூசானைப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோய் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். அந்தக் குளிரிலேயே 1803இல் இறந்துபோனார். ஆனாலும் அந்தப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று சான் டொமிங்கு ஹைத்தி என்ற நாடாகப் பிறந்தது. பக்கத்தில் குவாதலூப் தீவில் கிளர்ந்தவர்கள் தோற்றார்கள், அங்கே அடிமை முறை 1848 வரை நீடித்தது. இரண்டு தீவும் ஒரே பிரகடனத்தின் கீழ் இருந்தவைதான்.

பிரிட்டன் நல்லெண்ணத்தில் ஒழித்தது என்பாரும் உண்டு. அங்கே நேர்மையாகப் போராடியவர்கள் பலர், மறுக்கவில்லை. ஆனால் 1833ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுண்ட் நஷ்டஈட்டை எஜமானர்களுக்குத்தான் கொடுத்தது, அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டம் விலக்கியே வைத்தது. இந்தியாவில் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்ற சட்டம் வர 1843 ஆனது.

இன்னொரு பக்கம், 'மேற்குலகம் இவ்வளவு பாசாங்கு செய்தது, ஆகவே மனித உரிமையே பொய்' என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. தூசான் அந்தச் சொற்களைப் பொய் என்று தூக்கி எறியவில்லை. சுதந்திரமும் சமத்துவமும் சான் டொமிங்கில் ஆள வேண்டும் என்று 1793இல் அறிக்கை விட்டார். எழுதியவன் சுருக்கி எழுதியதை அவர் முழுசாகப் படித்தார். அந்தச் சொற்கள் பாரிஸுக்கு எவ்வளவு சொந்தமோ அவருக்கும் அவ்வளவு சொந்தம்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா, சோவியத் ஒன்றியம் எல்லாம் அடக்கம். ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரும் ஆசியாவில் பலரும் அன்று குடியேற்ற ஆட்சியில். அவர்களுக்கு அந்த மன்றத்தில் நாற்காலி இல்லை. இது பெரிய குறைதான். ஆனால் முதல் பிரிவில் எல்லா 'ஆண்களும்' என்றும் பொருள்படும்படி இருந்த சொல்லை எல்லா 'மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அது ஐரோப்பா கொடுத்த திருத்தம் இல்லை.

ஹைத்தியை விட்ட இடத்துக்கு வருகிறேன். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கேட்டது. அந்த 'சொத்தில்' விடுதலையான மனிதர்களும் சேர்த்தி. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட ஹைத்தி வாங்கிய கடனும் கடனைக் கட்ட வாங்கிய கடனும் தீர 1947 ஆனது. அடுத்த ஆண்டு பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபையில், யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்ற 4ஆவது பிரிவோடு சேர்ந்த பிரகடனத்தின் முழு வரைவையும், அதை விவாதித்த குழுவின் சார்பில் எழுந்து முன்வைத்தவர் எமில் செயின்ட் லோ. ஹைத்திக்காரர்.