ஆறு படுக்கை இல்லம்: வாசகர் கேள்வி பதில்

கலிபோர்னியாவில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள், பெற்றோரை அங்கே விட்டிருக்கிறவர்கள் என மூன்று பக்கத்திலிருந்தும் இந்த மாதம் அங்கே தங்கியிருப்பவர்களின் ஃபைல் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடம் இப்படி ஓர் இல்லத்தை நடத்தியவள். இந்த இதழை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஃப்ரீமாண்டில் ஆறு பேர் தங்கும் இல்லம் ஒன்றை நானும் என் கணவரும் எடுத்து நடத்துகிறோம். லைசென்சிங் (இல்லங்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் மாநிலத் துறை) ஆய்வாளர் எப்போது வருவார் என்று தெரியவில்லை. அவர் வருவதற்குள் ஃபைல்களை எப்படித் தயார் செய்து வைப்பது?

அவர்கள் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள் அம்மா. வழக்கமான ஆய்வுக்கும் முன்னறிவிப்பு கிடையாது. அதனால் "வருவதற்குள்" என்ற கணக்கையே விட்டுவிடுங்கள்.

கலிபோர்னியாவின் டைட்டில் 22 விதித்தொகுப்பில் 87506ஆம் பிரிவு கேட்பது இதுதான்: ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் வேண்டும், அது முழுமையாக இருக்க வேண்டும், அன்றைய நிலையைக் காட்ட வேண்டும், ஊழியருக்கும் ஆய்வாளருக்கும் உடனே கிடைக்க வேண்டும். இதில் 'ஊழியருக்கும்' என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஃபைல் அலமாரியைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால், 911 அவசர உதவி ஆட்கள் கேட்பதெல்லாம் என்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, போல்ஸ்ட் (உயிர்காக்கும் சிகிச்சை எதுவரை வேண்டும் என்ற மருத்துவ உத்தரவுப் படிவம்) இருக்கிறதா, மகன் நம்பர் என்ன என்பதுதான். போன மாதம் சேர்ந்த பெண் தனியாக ஷிஃப்டில் இருக்கிறாள். அவளால் அந்த ஃபைலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுக்க முடியுமா? இதை வைத்துத்தான் உங்கள் ஃபைலைச் சோதிக்கச் சொல்வேன். ரகசியம் காக்கவேண்டியது கட்டாயம், அலமாரி பூட்டித்தான் இருக்க வேண்டும். ஆனால் சாவி ஷிஃப்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

அடுக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் 601ஆம் எண் படிவம், அதாவது அடையாளமும் அவசரத் தொடர்புகளும். அதன் பின்னாலேயே இளஞ்சிவப்பு நிறப் போல்ஸ்ட் படிவம். பிறகு ஒத்துக்கொள்ளாத மருந்துகளோடு சேர்த்து இன்றைய மருந்துப் பட்டியல். மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நிலை அறிக்கையான 602ஏ படிவம், சேரும்முன் செய்த மதிப்பீடு, தேவைகளும் சேவைகளும் பற்றிய திட்டம், சேர்க்கை ஒப்பந்தம், உரிமைகள் பற்றிய படிவம் எல்லாம் அடுத்தடுத்து வரலாம்.

அந்த 602ஏ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா இல்லத்திலும் அது இருக்கும். சேரும்போது வாங்கினது, கையெழுத்து இருக்கும், காசநோய்ப் பரிசோதனை முடிவு இருக்கும். ஆனால் அதில் "தானாக நடப்பார்" என்று போட்டிருக்கும், கூடத்தில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கலிபோர்னியச் சட்டப்படி வாக்கரையோ சக்கர நாற்காலியையோ நம்பி இருப்பவர் 'நான் ஆம்புலேட்டரி' (non-ambulatory), அதாவது ஆபத்தில் உதவியின்றித் தானாக வெளியேற முடியாதவர். தீ விபத்தில் எச்சரிக்கை மணி அடித்தால் புரிந்துகொண்டு வெளியே போக முடியாத மறதி நோயாளி நன்றாக நடந்தாலும் அதே கணக்குத்தான். உங்கள் தீயணைப்புத் துறை அனுமதியைப் பாருங்கள். நான் ஆம்புலேட்டரி எத்தனை பேர், படுத்த படுக்கை எத்தனை பேர் என்று அதில் எண் இருக்கும். ஃபைல் பழையதாகவே இருந்தால் அந்த எண்ணை மீறிவிட்டோம் என்பது உங்களுக்கே தெரியாது. ஆய்வாளர் ஃபைலைப் படித்துவிட்டு நேரே ஆளைப் பார்க்கப் போவார். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் அவர் பார்வை. கட்டிலின் பக்கத்தில் பாதி நீளத் தடுப்புக் கம்பி மாட்டியிருந்தால் அதற்கு மருத்துவர் உத்தரவு ஃபைலில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

சரி, எப்போது புதுப்பிப்பது? மதிப்பீட்டுக்கு வருடம் ஒருமுறை என்பது குறைந்தபட்சம்தான். விழுந்தார், ஆஸ்பத்திரி போய்வந்தார், சாப்பாடு குறைந்துவிட்டது, ராத்திரியில் எழுந்து அலைகிறார் என்றால் அந்த வாரமே எழுதுங்கள். ஆபத்தான சம்பவமோ பலத்த காயமோ நடந்தால் ஏழு நாளுக்குள் லைசென்சிங்குக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் அறிக்கை போக வேண்டும். அதன் நகல் ஃபைலில் இருக்கட்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே ஒரு ஃபைலை எடுத்து, அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக ஆளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

கேள்வி: சாக்ரமெண்டோ பக்கம் ஓர் இல்லத்தில் கேர்கிவராக இருக்கிறேன். மருந்துப் பதிவுத்தாளில் விட்டுப்போன கட்டங்களை எல்லாம் இனிஷியல் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். ஆய்வு வரும் என்று பயமாம். செய்யலாமா?

கூடாது தம்பி. கட்டம் காலியாக இருந்தால், அந்த வேளை மருந்து போனதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாள் விட்டுப்போய், அழுத்தம் ஏறி, ஒருவர் தலைசுற்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட இனிஷியலைப் பார்த்து மருத்துவர், மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் ஆய்வாளர் எழுதும் குறை எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்று இருக்கும் தாளை அனுபவப்பட்ட கண் உடனே கண்டுகொள்ளும். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். விட்டுப்போன கட்டத்தை அப்படியே விடுங்கள். தாளின் பின்பக்கம் இன்றைய தேதி போட்டு, என்ன நினைவிருக்கிறதோ அதை எழுதி, "தாமதமாக எழுதியது" என்று குறித்துக் கையெழுத்திடுங்கள். மேலாளரிடமும் சொல்லுங்கள், மருந்து விட்டுப்போயிருந்தால் மருத்துவருக்கும் தகவல் போக வேண்டும்.

தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கும் மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். டைலனால் மாதிரி கடையில் வாங்குவதற்கும் இது பொருந்தும். "வலித்தால் கொடுக்கவும்" என்ற உத்தரவு போதாது. எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது எத்தனை மணி நேரம், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை முறை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கொடுத்தபின் நேரம், அளவு, அவருக்கு எப்படி இருந்தது என்பதை எழுதுங்கள்.

ஆய்வாளர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம், அதற்கு முதலாளி அனுமதி தேவையில்லை. உண்மை சொன்னதற்காக உங்களைப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: என் அப்பா ஒரு வருடமாக இப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறார். அவர் ஃபைலைப் பார்க்கக் கேட்டேன். "அது ஆபீஸ் விஷயம், ஆய்வுக்கு வைத்திருக்கிறோம்" என்கிறார்கள்.

அது அப்பாவுடைய ஃபைல். தன் பதிவுகளைப் பார்க்கவும் நகல் கேட்கவும் அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் நகல் தர வேண்டும். வெளியே நகலெடுக்க ஆகும் செலவுக்கு மேல் கேட்கக் கூடாது. அப்பா சார்பாக நீங்கள் கேட்பதாக இருந்தால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகலைக் கொடுங்கள். கோபப்படாமல், தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்.

கையில் கிடைத்ததும் எடையைப் பாருங்கள், மருந்துப் பட்டியலைப் பாருங்கள், விழுந்ததாக எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவிடம் நீங்கள் கண்ணால் பார்ப்பதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் மேலாளரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஓம்பட்ஸ்மன் (இல்லங்களில் இருப்பவர்கள் சார்பாகப் புகார்களைக் கவனிப்பவர்) எண் இல்லத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கும். லைசென்சிங்கில் புகார் கொடுத்தால் பத்து நாளுக்குள் நேரில் வந்து பார்ப்பார்கள்.

கேள்வி: காலமானவர்களின் ஃபைலை எப்போது அப்புறப்படுத்தலாம்?

இல்லத்தை விட்டுப் போன நாளிலிருந்து குறைந்தது 3 வருடம் வைத்திருங்கள். மிச்சமான மருந்தை நீங்கள் மட்டும் தனியாக அழிக்கக் கூடாது. நிர்வாகியும், அங்கே தங்கியிருப்பவர் அல்லாத, வயதுவந்த இன்னொருவரும் சேர்ந்து அழித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளுக்கும் அதே 3 வருடம். அப்புறம், குடும்பம் வந்து சாமான் எடுக்கும் அன்றே பொருள் பட்டியலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மோதிரமோ காது கேட்கும் கருவியோ எங்கே என்று துக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பிறகு கேட்கும்போது, அந்தத் தாளைத்தான் நீங்கள் தேடுவீர்கள்.