மார்ட்டின் டி-28 நாலரை லட்சத்துக்கா? மீதிக் காசைக் கொடுக்க முன்…

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பதினாறு வருடமாகக் கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஒட்டுப்பலகைக் கிற்றார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா 3,000 கனேடிய டொலர் வரை போட்டு நல்லதொன்று வாங்கித் தரச் சம்மதித்திருக்கிறா. மடு ஆவணித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறா. இதற்கிடையில் வவுனியாவில் ஒருவர், "மார்ட்டின் டி-28, புத்தம் புதிது, நாலரை லட்சம்" என்கிறார் (அமெரிக்க மார்ட்டின் கம்பனியின் பெயர்பெற்ற கிற்றார் மாதிரி அது). ரோஸ்வூட் மரத்தில் செய்த கிற்றாரை அக்கா கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், தன்னுடைய ஆட்கள் மூலம்தான் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். 25,000 ரூபா கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு லட்சத்தை வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். படங்கள் இணைத்துள்ளேன். வாங்கலாமா?

பதில்: தம்பி, வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமைக் காசைக் கொடுக்கவே வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தை இன்னொருமுறை பாருங்கள். கிற்றாரின் தோள்ப் பக்கத்தில் பலகையை வெட்டி, குமிழ்களும் சின்னத் திரையும் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். சாதாரண டி-28 எந்த மின்னிணைப்பும் இல்லாமல்தான் தொழிற்சாலையை விட்டு வருகிறது. பிக்கப் (கம்பியின் ஒலியை மின்னாக்கும் கருவி) பூட்டிய வகையில்கூட அதன் குமிழ்கள் நடு ஓட்டையின் விளிம்புக்கு உள்ளே மறைந்திருக்கும். பத்து லட்ச ரூபாப் பலகையில் யாரும் அப்படி ஜன்னல் வெட்டமாட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் கிற்றாரில் அந்தப் பெட்டி இருப்பதால் இது உங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு படமே போதும்.

விலையையும் கணக்குப் போடுங்கள். புதிய டி-28 அமெரிக்கக் கடையிலேயே 3,000 அமெரிக்க டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒன்பது லட்சம் தாண்டுகிறது. அதற்கு மேல் கப்பல் கூலி, வரி, அவருடைய இலாபம். இவ்வளவும் சேர்ந்து நாலரை லட்சத்துக்குள் எப்படி அடங்கும்? "கொன்ரெய்னரில் மாறி வந்தது", "ஏலத்தில் எடுத்தது", "இன்னொரு ஆளும் கேட்கிறார்" என்ற மூன்று வசனங்களில் ஒன்றையாவது அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். வெளிநாட்டுக் காசு வரும் வீடு எது என்று விசாரித்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இவர்கள். கிற்றார் திருத்தும் என் பட்டறைக்கு வந்த மூன்று போலி மார்ட்டின்களில் ஒரே சீரியல் நம்பரைக் கண்டிருக்கிறேன். மூன்றும் மூன்று ஊர்ப் பிள்ளைகளுடையவை. அதில் ஒன்றை வாங்க ஒரு தாய் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தா. அவவிடம் "இது ஒட்டுப்பலகை அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இனி ரோஸ்வூட் பயம். அவர் உங்களைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பயத்தால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. 2017 ஜனவரியில், ஏற்கெனவே முதலாம் பட்டியலில் இருந்த ஒன்றைத் தவிர, ரோஸ்வூட் இனம் முழுவதையும் அதன் இரண்டாம் பட்டியலில், எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் கேட்கும் பட்டியலில், சேர்த்தார்கள். இவர் காதில் விழுந்தது அந்தச் செய்தி. ஆனால் அப்போதுகூட, விற்பனைக்கு இல்லாமல் ஒருவர் கொண்டுபோகும் பொருளில் அந்த மரம் 10 கிலோ வரை இருக்கலாம் என்று விலக்கு இருந்தது. ஒரு கிற்றார் முழுவதுமே இரண்டு, இரண்டரைக் கிலோதான். பிறகு 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்த அனுமதிப் பத்திரமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இன்றைய டி-28இல் இருப்பது இந்திய ரோஸ்வூட், தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம். அதற்கு இந்த விலக்கு முழுமையாகப் பொருந்தும். அக்கா தோளில் போட்டுக்கொண்டு வரலாம்.

ஒரேயொரு மரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை: பிரேசில் ரோஸ்வூட். அது 1992 முதல் முதலாம் பட்டியலில், மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த கிற்றாரானாலும், பழையதானாலும், ஒரு சின்னப் பலகைத் துண்டுதான் என்றாலும் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. மார்ட்டின் கம்பனி 1969 வரை டி-28ஐ அந்த மரத்தில்தான் செய்தது. ஆகவே ரொறன்ரோவில் யாராவது அக்காவிடம் "அறுபதுகளின் பழைய டி-28, அருமையான விலை" என்று நீட்டினால் அதைத் தொடவே வேண்டாம். "பிரேசிலியன்" என்ற சொல் பற்றுச்சீட்டில் எங்கே இருந்தாலும் வேண்டாம். புதிய கிற்றாரை வாங்கி, மரத்தின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

மரத்தைப் பறிப்பதும் வரி கேட்பதும் வேறு வேறு விஷயங்கள். வரி கேட்கலாம். இசைக்கருவிகள் சுங்க அட்டவணையில் 92ஆம் அத்தியாயத்தில் வருகின்றன, கிற்றார் 9202 என்ற தலைப்புக்குள். இறக்குமதி வரி, அதற்கு மேல் மற்ற அறவீடுகள், எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) என்று வரிக்கு மேல் வரி ஏறும். பயணியின் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு சலுகை என்பது வருகிறவர் யார், எத்தனை நாள் வெளியே இருந்தார் என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் ஓர் ஆசிரியர் வீட்டில் இருந்தபடி, தன் மொழியில், ஒரு பக்கத்தில் வாசித்து அறிய வழி இருந்தால் இந்தத் தரகர்களுக்கு இங்கே வேலையே இருக்காது. ஒரு கேள்விக்கு நாலு மேசை, நாலு பதில். நான் ஒருமுறை ஒரு பெட்டி கிற்றார்க் கம்பிக்காக இரண்டு நாள் கொழும்பில் நின்றேன். என்ன படிவம் என்று கேட்டதற்கு, எனக்கு விளங்காத மொழியில் ஒரு கடதாசியை நீட்டினார்கள். அக்காவிடம் சொல்லுங்கள்: பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும், மறைக்காமல் காட்டட்டும், கேட்டால் கட்டுவதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்கட்டும். கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கட்டும்.

இனி என்ன வாங்கலாம் என்பது. ஒன்ராறியோவில் கடை விலைக்கு மேல் 13 வீத விற்பனை வரி உண்டு. எனவே 3,000 டொலர் என்றால் விலைச்சீட்டில் 2,650க்கு மேல் போகக்கூடாது. புதிய டி-28 அதற்குள் வராது, மறந்துவிடுங்கள். மார்ட்டினின் 15 வரிசை அந்தத் தொகையை ஒட்டி வரும். மேல், பின், பக்கம் எல்லாம் முழு மகோகனிப் பலகை, மினுக்கம் இல்லாத பூச்சு, பாட்டுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் நாதம். கோவிலில் பாடகர்களோடு வாசிக்கிறவருக்கு டி-28இன் இடிமுழக்கத்தைவிட அது பொருந்தும் என்பது என் எண்ணம். ரெய்லர் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பனியின் கிற்றார் விலை எட்டினால் அதையும் பார்க்கலாம். அவர்கள் கழுத்தைப் போல்ற் பூட்டி இணைக்கிறார்கள், பிற்காலத்தில் கழுத்தின் சாய்வைத் திருத்த வேண்டி வந்தால் ஒட்டைப் பிரிக்காமலே செய்யலாம். நம்மூரில் இது பெரிய விஷயம். ரெய்லரின் சீரியல் நம்பர் 1இல் தொடங்கினால் கலிபோர்னியாவில் செய்தது, 2இல் தொடங்கினால் மெக்சிக்கோவில் செய்தது. இரண்டும் அசல்தான், விலைதான் வேறு.

முழுப் பலகையா ஒட்டுப்பலகையா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதிரைப் பலகையையும் பிளைவூட்டையும் அறுத்த முனையில் வைத்துப் பிரிக்கத் தெரியாதவர் வன்னியில் யார்? கிற்றாரிலும் அதே வேலைதான். நடு ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை விளிம்பில் மடிந்து கீழேயும் தொடர்ந்தால் முழுப் பலகை. விளிம்பில் பிஸ்கட் அடுக்கியது போல மூன்று தட்டுத் தெரிந்தால் ஒட்டு.

கடையில் அக்கா செய்ய வேண்டியதை எழுதுகிறேன், இதை அவவுக்கு அனுப்புங்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்க வேண்டும், உத்தரவாதம் முதல் உரிமையாளருக்குத்தான். பற்றுச்சீட்டு யார் பெயரில் என்று அங்கேயே பேசிக்கொள்ளட்டும். ஓட்டைக்குள் கைபேசி விளக்கை அடித்தால், மார்ட்டினில் கழுத்து உடலோடு சேரும் கட்டையில் மாதிரியின் பெயரும் சீரியல் நம்பரும் பொறித்திருக்கும். அதைப் படமெடுக்கட்டும். பிறகு ஒரு நேரான அடிமட்டத்தைக் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான பிறெற்றுகள் மேல் நீளமாக வைத்து, அதன் முனை பிறிட்ஜ் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறிட்ஜின் மேல்முகத்தைச் சாடையாகத் தொட்டுக்கொண்டு அல்லது ஒரு மயிரிழை மேலே போனால் நல்லது. பிறிட்ஜின் நெஞ்சில் இடித்தால் கழுத்துச் சாய்வு பிழை. வடக்கில் அதைத் திருத்த ஆள் தேடி அலைய வேண்டி வரும், வேறொன்றை எடுக்கட்டும். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், வட்ஸ்அப் வீடியோவில் நீங்கள் இருந்தபடி கடைக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கியபின் ஒரு பெரிய பிழையைச் செய்துவிடாதீர்கள்: கடல் கார்கோப் பெட்டிக்குள், பால்மாவோடும் உடுப்போடும் கிற்றாரை வைத்து அனுப்புவது. கிழமைக்கணக்கில் அந்தப் பெட்டி வெயிலில் வேகும் இரும்புக்குள் கிடக்கும். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. சூட்டில் பசை இளகினால் பிறிட்ஜ் பலகையோடு பிய்ந்து வரும். அப்படி வந்த ஒன்றை என் மேசையில் திறந்தபோது பிறிட்ஜ் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுவர வேண்டும், வன்மையான உறையில், கம்பிகளை ஒரு சுரம் இறக்கி, தலைப்பகுதிக்குக் கீழேயும் இரு பக்கமும் துணி அடைத்து. விமானத்துக்குள் எடுக்க விடுவார்களா என்பதை அந்த விமான நிறுவனத்திடம் ரிக்கற் எடுக்க முன்பே கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து ரயிலில் வாருங்கள். பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடவே கூடாது, அங்கே எஞ்சின் சூடு.

வீட்டுக்கு வந்தபின் வன்னியின் மாரிதான் எதிரி. நல்ல கிற்றார்கள் 45 முதல் 55 வீத ஈரப்பதத்தில் இருக்கப் பழகியவை. மார்கழியில் நம் வீடுகளுக்குள் 80ஐத் தாண்டும். பச்சை மரக் கதவு மாரியில் இறுகுவது போல மேற்பலகை ஊறிப் புடைக்கும், கம்பி உயரும், விரல் நோகும். அந்த நேரத்தில் யாரிடமும் கொடுத்துச் சேடிலை (பிறிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டு) அராவவிடாதீர்கள். சோளகம் வீசத் தொடங்கினால் பலகை தானாக இறங்கும், அராவின சேடில் அப்போது கம்பியைப் பிறெற்றுகளில் அடித்துக் கரகரக்க வைக்கும். தாழ்வான இரண்டாவது சேடில் ஒன்று செய்து மாரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உறைக்குள் ஒரு சிறிய ஈரமானி வையுங்கள். அது சரியா என்று பார்க்க, மூடியில் நனைந்த உப்பை வைத்து ஈரமானியோடு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஓர் இரவு விடுங்கள். 75 காட்ட வேண்டும். ஈரத்தைச் சமநிலையில் வைக்கும் 49 வீதப் பொட்டலங்கள் அங்கே கடையிலேயே கிடைக்கும், அக்கா ஒரு பெட்டி கொண்டுவரட்டும். வாசிக்காத நேரத்தில் கிற்றார் உறைக்குள்தான் இருக்க வேண்டும். சுவரில் மாட்டி அழகு பார்க்கிற ஊர் இது இல்லை. மடுவில் வெளி மேடையில், வெயிலில் வாசிக்கப் பழைய ஒட்டுப்பலகைக் கிற்றாரே போதும், அதை விற்றுவிடாதீர்கள்.

நீங்கள் கொடுத்த 25,000: வங்கி மூலம் போட்டிருந்தால் அந்தச் சீட்டையும், "அசல் மார்ட்டின், புதிது" என்று அவர் எழுதிய செய்திகளையும் இன்றே படமெடுத்து வையுங்கள். தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். "கிற்றாரைப் பரிசோதித்துப் பார்த்த பிறகே மீதி. கழுத்துக்கட்டையின் படத்தை அனுப்புங்கள், இல்லையென்றால் முற்பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுத்தில் ஒரே ஒரு செய்தி அனுப்பி, ஒரு கிழமை தவணை கொடுங்கள். பெரும்பாலும் படம் வராது. தவணை முடிந்ததும் அந்த ஆதாரங்களோடு பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நாளை வரச் சொல்வார்கள், போங்கள். மறுநாளும் வரச் சொல்வார்கள், அப்போதும் போங்கள்.