ஆப்கானுக்குக் கொட்டிய பணம் எங்கே போனது? கேள்வி பதில்

ஆப்கானிஸ்தானுக்கு வந்த வெளிநாட்டு உதவி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்தே நிறைய வந்திருக்கின்றன. கல்லூரியில் பாடமாக நடத்திய விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வராணி, உசிலம்பட்டி: சார், அவ்வளவு செலவு செய்தும் 2021இல் தாலிபான் முன்னேறியபோது ஆப்கான் ராணுவம் எப்படிச் சில வாரங்களில் கலைந்தது?

2002 முதல் மறுசீரமைப்புக்கென்று அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் ராணுவத்துக்கும் போலீசுக்கும்தான். ஆனால் ஆப்கானியர்கள் தாங்களே நடத்தக்கூடிய படையாக அதை உருவாக்கவில்லை. ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் எம்ஐ-17 அவர்களுக்குப் பழகிய வண்டி. பெரும்பாலான பழுதை உள்ளூர் மெக்கானிக்குகளே பார்த்துவிடுவார்கள். அதை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்காவின் பிளாக் ஹாக்கைக் கொடுத்தார்கள். அதைக் கழற்றி மாட்ட வெளிநாட்டு ஒப்பந்த ஆட்கள் வேண்டும். 2021இல் அமெரிக்கத் துருப்புகளோடு அவர்களும் கிளம்பிவிட்டார்கள். சாலையில் போக முடியாத காவல் சாவடிகளுக்குச் சாப்பாடும் தோட்டாவும் வானத்திலிருந்துதான் வர வேண்டும். அது நின்றதும் சாவடி சாவடியாகச் சரணடைந்தார்கள்.

இன்னொன்று, 2020 பிப்ரவரியில் கத்தாரின் தோஹாவில், படையை விலக்கிக்கொள்வதாகத் தாலிபானோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டபோது காபூல் அரசு அந்தப் பேச்சிலேயே இல்லை. மலையில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு அதற்கு மேல் என்ன புரிய வேண்டும்? அவர்களைக் கோழைகள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பல்லாயிரம் பேரைப் பலி கொடுத்த படை அது.

முத்துப்பாண்டி, மேலூர்: ஊழல் என்கிறார்களே, யார் தின்றது?

இரண்டு பக்கமும். நூறு நாள் வேலையில் வராத ஆளுக்கு வருகை போடுவது போல, பட்டியலில் மட்டும் இருந்த சிப்பாய்களுக்குச் சம்பளம் போனது. கொடுத்த பக்கமும் லேசுப்பட்டதல்ல. 20 பழைய ஜி222 சரக்கு விமானங்களுக்கு 54.9 கோடி டாலர் செலவழித்தார்கள். கடைசியில் அதில் 16ஐக் காபூலிலேயே உடைத்துக் காயலான் கடை விலைக்குத் தள்ளினார்கள். சீருடைக் கதை இன்னும் மோசம். அந்த நாட்டில் காடு 2 சதவீதம்தான் இருக்கும், சிப்பாய்க்கோ காட்டுப் பச்சை உடுப்பு! அன்றைய பாதுகாப்பு அமைச்சருக்கு அந்த டிசைன் பிடித்துப்போனதாம். கூடுதல் செலவு 2.8 கோடி டாலர் வரை. இதையெல்லாம் அம்பலப்படுத்தியது 2008இல் அமெரிக்காவே அமைத்த தணிக்கை அலுவலகம். அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, பணமும் போய்க்கொண்டே இருந்தது.

பாலமுருகன், திருமங்கலம்: இந்தியா படை அனுப்பாதது சரியா சார்?

சரிதான். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படை பட்டது போதாதா? 1,100க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானில் நாம் ஜரஞ்ச்–டெலாராம் சாலை 218 கிலோமீட்டர் போட்டோம். ஹெராத்தில் சல்மா அணையை 2016இல் முடித்தோம், 42 மெகாவாட் மின்சாரம். 2015இல் காபூலில் நாடாளுமன்றம் கட்டிக் கொடுத்தோம். பாதுகாப்பு உதவி என்றால் சில ஹெலிகாப்டர்கள், பயிற்சி. சென்னை பரங்கிமலையில் 2017இல் ஆப்கான் பெண் அதிகாரிகள்கூடப் பயிற்சி எடுத்தார்கள். இன்று தாலிபான் ஆட்சியில் அவர்கள் ராணுவ உடுப்பு மாட்ட வழியில்லை. அணையும் சாலையும் யார் ஆண்டாலும் பயன்படும். காபூலில் கட்டிய அந்த நாடாளுமன்றக் கட்டடம் நிற்கிறது, நாடாளுமன்றம் இல்லை.

ஜெயந்தி, திருவாதவூர்: ஐயா, இலங்கையில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இந்தியா வீடு கொடுத்ததே, அதிலும் இப்படித்தானா?

இல்லை அம்மா, அது வேறு மாதிரி. 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் பெரும்பாலும் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாகப் போட்டார்கள். ஆள் வைத்துக் கட்டியது அவர்களே. பணம் பற்றாமல் கடன்பட்டவர்களும் உண்டு. ஆனாலும் நடுவில் கை குறைவு. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

கணேசன், செல்லூர்: எங்கள் கண்மாயில் சாக்கடை கலக்கிறது. இதில் வெளிநாட்டுக்கு உதவி எதற்கு?

2025-26 மத்திய பட்ஜெட்டில் ஆப்கானுக்கு 100 கோடி ரூபாய், இலங்கைக்கு 300 கோடி, பூடானுக்கு 2,150 கோடி. மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். செல்லூர் கண்மாய் காபூலுக்காகக் காத்திருக்கவில்லை அண்ணே, மாநகராட்சியில் கேளுங்கள்.