கண்மாய்க் கரையில் வால்நட்சத்திரம்: கேள்வி பதில்

(2024 அக்டோபர் 14. சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை வானத்துக்கு வந்துவிட்டது. ஊர்ப்புறத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.)

இரண்டு நாளாகத் தேடுகிறேன், கண்ணில் படவில்லை. எங்கே பார்ப்பது?

பெரும்பாலும் தென்னந்தோப்புதான் மறைத்திருக்கும். மேற்கே அடிவானம் வரை திறந்து கிடக்கும் இடம் வேண்டும். கண்மாய்க் கரை இருந்தால் அதைவிட நல்ல இடமில்லை. சூரியன் மறைந்து நாற்பது நிமிடம் கழித்துப் பாருங்கள். மேற்கில் பளிச்சென்று தெரிவது வெள்ளி. அதற்கு வலப்பக்கம், வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவில் தேடுங்கள். எரிநட்சத்திரம் போல ஓடாது. மங்கலான புகைக்கீற்று மாதிரி அசையாமல் நிற்கும். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் வால் இன்னும் நீளமாகத் தெரியும். 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) இருந்தால் அருமை. ஆனால் சூரியன் முழுதாக மறைந்த பிறகே அதைக் கண்ணில் வையுங்கள்.

அண்ணா, போனில் எடுக்க முடியுமா?

முடியும் தம்பி. கையில் பிடித்தால் மட்டும் வராது. டிரைபாட் இல்லையென்றால் செங்கல்லில் சாய்த்து வை. நைட் மோடு, இரண்டு விநாடி டைமர், அவ்வளவுதான். ஜூம் வேண்டாம்.

கேமராவில் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுக்கிறது.

பூமி சுழல்வதால் வருவது அது. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்துக்கொள்ளுங்கள். அத்தனை விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 10 விநாடி. கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) உள்ள கேமரா என்றால் ஆறு விநாடிக்கு மேல் போகாதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து வையுங்கள். அந்தி வெளிச்சம் மிச்சமிருந்தால் இரண்டு மூன்று விநாடியே போதும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, வெள்ளியைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். நான் பார்த்த கெட்டுப்போன படங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸில்தான் கோட்டை விட்டவை.

படத்தில் சூரியன் பக்கமாகவும் ஒரு மெல்லிய வால் தெரிகிறதே, லென்ஸ் கோளாறா?

இல்லை, நல்ல படம் எடுத்திருக்கிறீர்கள்! அது எதிர்வால். வால்நட்சத்திரம் வந்த பாதை நெடுக உதிர்த்த தூசு ஒரு தகடு போலப் பரந்து கிடக்கிறது. பூமி இப்போது அந்தத் தகடு கிடக்கும் தளத்தைக் கடப்பதால், தகட்டை விளிம்போரமாகப் பார்க்கிறோம். அதனால் கோடாகத் தெரிகிறது. சில நாட்களில் மறைந்துவிடும், இன்றே இன்னும் நாலு படம் எடுங்கள்.

நிலா வெளிச்சம் கெடுக்குமா?

கெடுக்கும். 17ஆம் தேதி பௌர்ணமி. 20ஆம் தேதி வாக்கில் நிலா எழுவதற்கு முன் நல்ல இருட்டு கிடைக்கும், வால்நட்சத்திரமும் இன்னும் உயரத்தில் இருக்கும். ஆனால் அதற்குள் மங்கத் தொடங்கியிருக்கும். அதனால் காத்திருக்காமல், மேகம் விலகும் எந்த மாலையையும் விடாதீர்கள்.