எம்1916 தோல் உறை: அசலா, போலியா?

அமெரிக்க ராணுவத்தின் .45 கோல்ட் கைத்துப்பாக்கிக்கான எம்1916 உறைகளைச் சேகரிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: பின்பக்கம் 'பாய்ட் 42' என்று முத்திரை இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். '42' என்றால் 1942. இரண்டாம் உலகப் போரில் பாய்ட் என்ற நிறுவனம் இந்த உறைகளை நிறையவே தைத்தது. போலி செய்பவர்களுக்கும் அது தெரியும். லென்ஸ் வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். புதுத் தோலில் குத்திய எழுத்து தோலோடு சேர்ந்தே பழசாகும். குழிக்குள் அழுக்கு படிந்திருக்கும், வெடிப்பு எழுத்துக்குள்ளும் ஓடும். வெடிப்பை எழுத்து நசுக்கியிருந்தால் அது பிற்பாடு குத்தியது.

அப்புறம் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். பல வருடம் புழங்கிய உறையில் துப்பாக்கியின் வடிவம் அழுந்தியிருக்கும். பித்தளைக் குமிழ் நுழையும் துளை இழுபட்டு நீண்டிருக்கும். வெளியே கருத்துத் தேய்ந்து, உள்ளே புத்தம் புதிதாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: நூலைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் புது நூலாக இருக்கலாம். ஆனால் சோப்புத்தூள் பட்ட பழைய நூலும் ஒளிரும். அசல் உறையைப் பிறகு யாராவது பிரித்துத் தைத்திருக்கவும் கூடும். தையல் துளைகள் நூலைவிடப் பழசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என்னுடையது கறுப்பு. பழுப்புதானே அசல்?

பதில்: பயப்பட வேண்டாம். 1950களில் அமெரிக்க ராணுவம் கறுப்புக்கு மாறியபோது, பல பழைய பழுப்பு உறைகளுக்கும் கறுப்புச் சாயம் ஏறியது. கீறல்களிலும் துளையோரங்களிலும் பழுப்பு எட்டிப் பார்க்கும். விலை குறையும், அவ்வளவுதான். சாயத்தை உரிக்காதீர்கள், அதுவும் உறையின் வரலாறுதான்.

கேள்வி: குமிழைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி இருக்கிறதே?

பதில்: களிம்பு. தோலின் கொழுப்பு பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து வருவது. பல்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். பாலிஷ் வேண்டாம், தோலில் கறை விழும்.

கேள்வி: தொட்டால் கையில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. எண்ணெய் தடவலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இது 'ரெட் ராட்'. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைக் காற்றிலுள்ள கந்தகம் அமிலமாக்கி உதிர்க்கிறது. எண்ணெய் தோலைக் கருக்கும், தையலையும் நைய வைக்கும். உதிர்ந்தது திரும்பாது. நூலகங்களில் பழைய தோல் அட்டைகளுக்குப் பூசும் குளுசெல்-ஜி என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்துப் பூசினால், மிச்சத்தைப் பிடித்து நிறுத்தும். அமிலமில்லாத தாளை உள்ளே அடைத்து வையுங்கள். துப்பாக்கியை அதிலேயே விடாதீர்கள். தோலின் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.