15 வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2011 மாடல் ஆடி டிடி இருக்கிறது. 2.0 டர்போ பெட்ரோல், 58,000 கி.மீ. ஓடியது. ஒரு வருடமாக வண்டியில் பழைய உயிர் இல்லை. 2014 போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என் காரைக் கொடுத்து மேலே 28 லட்சம் போட வேண்டும். வீடு திருவான்மியூர். மாற்றலாமா?

பதில்:

அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் டிடியில் தளர்ந்துபோன ரப்பர் சாமான்கள், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாவற்றையும் மாற்றி மூன்று மாதம் ஓட்டுங்கள். அதற்கப்புறமும் மனம் பாக்ஸ்டரையே சுற்றி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். இதே விஷயத்தை நான் ஒருமுறை தலைகீழாகச் செய்து நிறைய இழந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் முதல் வேகமான கார் 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். பார்த்தால் சாதாரணக் குடும்பக் கார். உள்ளே 1.8 லிட்டர் டர்போ இன்ஜின், 150 குதிரைத்திறன். டர்போ பெட்ரோல் கார் என்பதே இங்கே அபூர்வமாக இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய், ஒரு காபி குடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். 2016 வாக்கில் அந்தக் கார் எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டீயரிங்கில் இறுக்கம் இல்லை, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தடதடவென்று சத்தம், சிக்னலில் நின்றால் சீட் வரைக்கும் அதிர்வு. நீங்கள் சொல்லும் அதே 'உயிர் இல்லை' உணர்வுதான்.

அந்த நேரத்தில் பழைய கார் விற்கும் இடம் ஒன்றில் இரண்டு சீட்டு, கூரை மடங்கும் கார் ஒன்றைப் பார்த்தேன். பாலிஷ் போட்டு, புது டயர் மாட்டி, கண்ணாடி மாதிரி நின்றது. அரை மணி நேரம் ஓட்டினேன். என் வண்டிக்குப் பக்கத்தில் அது பறந்தது. எக்ஸ்சேஞ்ச் போட்டு, மேலே பணம் கட்டி, அன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. அப்புறம் பவர் விண்டோ தன்னால் இறங்கியது. எலக்ட்ரீஷியன் ஒருவர் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறைக் கோடு. சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினால், அடியில் சாம்பல் நிற வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி அது. ஒயரிங் கனெக்டர்களில் எல்லாம் பச்சை பிடித்திருந்தது. இரண்டு வருடம் பணத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் உண்மையைச் சொல்லி, வாங்கியதில் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன்.

அதைவிட வலித்தது இன்னொன்று. என் ஆக்டேவியாவை வாங்கியவர் தற்செயலாக எனக்குத் தெரிந்தவரின் தம்பி. ஆறு மாதம் கழித்து, "ஓட்டிப் பாருங்க சார்" என்று சாவியைக் கொடுத்தார். ராஜீவ் காந்தி சாலையில் சோழிங்கநல்லூர் வரை போய்த் திரும்பினேன். நான் முதன்முதலில் வாங்கியபோது இருந்த அதே கார். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, ஸ்டீயரிங் கையில் பேசியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், நாலு டயர், வீல் அலைன்மென்ட். ஒரு லட்சம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் டிடி 58,000 கி.மீ. மட்டுமே ஓடியதால் இதெல்லாம் இன்னும் தேயவில்லை என்று நினைப்பீர்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட வருடக் கணக்குதான் முக்கியம். சென்னை வெயிலில் 14, 15 வருடம் நின்ற புஷ் ஓடாமலேயே இறுகி வெடித்துவிடும். டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். 3218 என்றால் 2018-இன் 32-வது வாரம். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்பகுதி) தேயாமல் முழுசாக இருந்தாலும் அந்த டயருக்கு வயதாகிவிட்டது. இந்தத் தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. திடீரென்று வேறொரு காரில் உட்காரும்போதுதான் 'ஆஹா, இதுவல்லவா கார்' என்று தோன்றும். அந்த நிமிடத்தில் உங்கள் காரின் களைத்துப்போன நிலையும் விற்பவர் தயார் செய்து நிறுத்திய காரின் நிலையும்தான் ஒப்பிடப்படுகின்றன. இரண்டு கார்களின் உண்மையான குணம் அங்கே எதிரெதிரே வரவே இல்லை.

இப்போது நான் வைத்திருப்பதும் ஒரு பழைய ஜெர்மன் கார்தான், 2010 மாடல். 2023-இல் இதுவும் அதே மாதிரி அலுக்க ஆரம்பித்தது. இந்த முறை எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமல் அம்பத்தூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். லிஃப்டில் ஏற்றி, கம்பியால் நெம்பிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆகல சார். ரப்பர் பூரா போயிடுச்சு, அவ்ளோதான்" என்றார். டயரோடு சேர்த்து 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. சின்னத் தொகை இல்லை, வீட்டில் பேச்சும் கேட்டேன். ஆனால் அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டினேன். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. மதியத்துக்குள் மாற்றும் எண்ணமே போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கார்தான் என் வீட்டில் நிற்கிறது.

சரி, உங்கள் டிடிக்கு வருவோம். உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. அந்தத் தலைமுறை டிடியின் அடித்தளம் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, ஸ்கோடா லாரா வண்டிகளோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது. அதனால் அடிப்பக்கச் சாமான் பலவற்றுக்குச் சென்னையில் திண்டாட வேண்டியதில்லை, கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். பாடி பாகம், ஹெட்லைட் போன்றவை வேறு கதை. டிடி உற்பத்தியே 2023-இல் நின்றுவிட்டது, இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி செயின் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அந்தக் கால இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமான இடம். சத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். செயின் நழுவினால் வால்வு வளைந்து இன்ஜினையே திறக்க வேண்டி வரும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீங்கள் அந்த எல்லைக்கு வந்துவிட்டீர்கள். கியர் விழும்போது தயக்கம் இருந்தால் பாதி அதிலேயே சரியாகலாம். அப்புறம் உங்கள் வீடு கடலுக்குப் பக்கம். டிடியின் பாடியில் முன்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், பின்பக்கம் எஃகு. உப்புக்காற்று தின்பது பின்பக்கத்தைத்தான். லிஃப்டில் ஏற்றும்போது பின்தளத்தையும் தகடுகள் இணையும் விளிம்புகளையும் பாருங்கள். அங்கே துரு ஆழமாக ஓடியிருந்தால் மட்டும் நான் சொன்னதெல்லாம் மாறும். அந்தக் காரில் பணம் போடாதீர்கள்.

பாக்ஸ்டர் நல்ல காரா என்று கேட்டால், அருமையான கார். 2012 முதல் 2016 வரை வந்த அந்தத் தலைமுறையில் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத இன்ஜின், 265 குதிரைத்திறன். அதற்கடுத்து வந்த 718-இன் தொடக்க மாடலில் நாலு சிலிண்டர் டர்போவாக மாற்றிவிட்டார்கள். பழைய பாக்ஸ்டர்களைப் பயமுறுத்திய ஐ.எம்.எஸ். (இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு) பேரிங் கோளாறு இதில் கிடையாது. 2009-இல் வந்த புது இன்ஜினிலேயே அந்தத் தண்டை எடுத்துவிட்டார்கள். இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வளைவில் அது திரும்பும் விதமே வேறு. மார்கழிக் காலையில் கூரையைத் திறந்துவிட்டு முட்டுக்காடு பாலத்தில் போகும் அனுபவத்தை, எவ்வளவு செலவழித்தாலும் டிடி தராது. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் புஷ் மாற்றினால் தீராது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகக் குதிரைத்திறனுக்காக மட்டும் மாறுவதாக இருந்தால், சென்னை நகருக்குள் காருக்கு வேக வரம்பு 60 கி.மீ. அந்தக் கூடுதல் சக்தியை நீங்கள் உணரப்போவது எப்போதோ ஒருமுறைதான்.

திறந்த காருக்குச் சென்னையில் பெரிய எதிரி வெயில்கூட இல்லை, இலை. துணிக்கூரையின் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் துளைகள் இருக்கும். வேப்பமரமோ தூங்குமூஞ்சி மரமோ உள்ள தெருவில் நிறுத்தினால், ஒரே சீசனில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஐப்பசி மழை நேராக உள்ளே வரும். முன் பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர் இருக்கிறது, அங்கேயும் சருகு சேர்ந்து இன்ஜின் சூடாகும். மூடிய பார்க்கிங் இல்லை என்றால் பாக்ஸ்டரை மறந்துவிடுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அந்த நிலைமையில் தரையோடு தரையாகப் போகும் வண்டியை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

பணக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கார் 2011 என்பதால் 2026-இல் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். டில்லி மாதிரி 15 வருடம் ஆன பெட்ரோல் காருக்கு இங்கே தடை இல்லை, எஃப்.சி. பார்த்து ஐந்து வருடம் நீட்டித்துத் தருவார்கள். ஆனால் இறக்குமதிக் காராக இருந்தால் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். இந்தத் தேதி நெருங்குவதைச் சொல்லித்தான் எக்ஸ்சேஞ்சில் உங்கள் விலையை இறக்குவார்கள். மாற்றுவது என்று முடிவானாலும் டிடியை நீங்களே நேரடியாக ஒரு கார்ப் பிரியருக்கு விற்கப் பாருங்கள். மாற்றிய சாமான்களின் பில்லைக் காட்டினால் விலை நிற்கும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, காரோடு போகாது, அது உங்களுடையது. 50 சதவீதம் சேர்த்து வைத்திருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றி யோசிக்க வேண்டாம். இரண்டுமே அதற்கு முந்தைய காலத்து வண்டிகள், எதை வைத்திருந்தாலும் அதே கவலைதான். பாக்ஸ்டர் வெளிமாநிலப் பதிவாக இருந்தால் மட்டும் நிற்க. பதிவு செய்த ஊரில் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள்வரி தனியாகக் கட்ட வேண்டும். 28 லட்சத்தில் அதைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

அந்த 28 லட்சத்துக்குப் பிறகும் உங்கள் கையில் இருக்கப்போவது பத்து வருடம் தாண்டிய கார்தான் என்பது என்னை உறுத்துகிறது. அதன் ரப்பருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது, பேட்டரிக்கும் கூரை மோட்டாருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. டிடியில் என்ன கெட்டுப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். பாக்ஸ்டரில் எது எப்போது போகும் என்று வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும். 28 லட்சம் கையிருப்பில் சரியாக முடிந்துவிடும் என்றால் வாங்காதீர்கள். முதல் வருடத்துக்கென்று தனியாக நாலைந்து லட்சம் ஒதுக்கி வைத்த பிறகும் முடியும் என்றால் யோசிக்கலாம்.

மூன்று மாதத்துக்குள் அந்த பாக்ஸ்டர் விற்றுப்போய்விடும் என்று பயப்படுவீர்கள். போனால் போகட்டும், இன்னொன்று வரும். இருந்தால், பார்க்கப் போகும்போது விடியற்காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். போர்ஷே வண்டியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனரோடு ஒருவரைக் கூட்டிப்போங்கள். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கம்ப்யூட்டரில் பதிவு இருக்கும். ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் வரும். மீட்டரைத் திருப்பியிருந்தால் அந்த எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வரும். கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள்.